மெயில் படிக்க ஜன்னலா, வெறும் எழுத்தா?

மின்னஞ்சல் படிக்கவும் எழுதவும் உதவும் மென்பொருள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஜன்னல், ஐகான், மவுஸ், வண்ணம், படம் என்று வரும் வரைகலை மென்பொருள். அவுட்லுக், தண்டர்பேர்ட், ஆப்பிள் மெயில் எல்லாம் இந்த வகை. பிரவுசரில் திறக்கும் ஜிமெயிலையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மற்றொன்று, எழுத்துகள் மட்டுமே ஓடும் டெர்மினல் திரையில் இயங்குவது. மின்னஞ்சலுக்கு மட், ஆல்பைன், செய்திக்குழுக்களுக்கு டின், எஸ்எல்ஆர்என் போன்றவை இதில் அடங்கும். இவற்றில் மவுஸுக்குப் பெரிதாக வேலை இல்லை. எல்லாம் விசைப்பலகையிலேயே முடிந்துவிடும். முதல் வகை எங்கும் பரவிவிட்ட பிறகு இரண்டாவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விக்குள் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: நமக்கு வரும் மடல் எப்படித் தெரிய வேண்டும், திறந்ததும் என்னென்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது அனுப்பியவரா, படிக்கும் நாமா? மென்பொருள் எதுவாக இருந்தாலும் அந்த அதிகாரம் படிப்பவரிடமே இருக்க வேண்டும் என்பதே என் வாதம். தமிழில் எழுதிப் படிப்பவருக்கு ஜன்னல் தேவை. ஆனால் அந்த ஜன்னலுக்குள் மடல் வெறும் எழுத்தாக வருவதே நல்லது.

மின்னஞ்சல் பிறந்தபோது எழுத்து மட்டுமே இருந்தது. 1971இல் ரே டாம்லின்சன் இரண்டு கணினிகளுக்கிடையே முதல் மடலை அனுப்பி, முகவரியில் '@' குறியை வைத்தார். 1982இல் வகுக்கப்பட்ட தரம், மடல் என்பது சில தலைப்பு வரிகளும் அவற்றின் கீழே வரும் எழுத்தும்தான் என்று வரையறுத்தது. செய்திக்குழுக்களும் அப்படியே. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்து உருவாக்கிய யூஸ்நெட், ஒருவர் எழுதியதை ஊர் உலகமெல்லாம் படித்துப் பதில் எழுத வழி செய்தது. அதைப் படிக்க 1984இல் 'ஆர்என்' என்ற மென்பொருளை எழுதிய லாரி வால்தான் பின்னாளில் பெர்ல் என்ற கணினி மொழியையும் உருவாக்கினார். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கிய 'பைன்', கணினி தெரியாதவரும் மெனுவைப் பார்த்து மடல் எழுதும்படி அமைந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, குறைந்த கட்டணத்தில் கிடைத்தது 'ஷெல்' கணக்கு. அதில் படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். நம் ஊரில் அன்று இணையத்துக்குள் நுழைந்த மாணவர்கள் பலர் மோடத்தில் டயல் செய்து எழுத்துத் திரையில்தான் மடல் படித்தார்கள்.

வரைகலை மென்பொருள் வந்தது வெறும் பகட்டுக்காக அல்ல. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988இல் எழுதிய யூடோரா, கட்டளைகளை மனப்பாடம் செய்யாமலே மடல்களை வகை பிரித்து வைக்கவும் தேடவும் வழி செய்தது. 1992இல் வந்த மைம் என்ற தரம், மடலோடு படம், ஒலி, கோப்பு எதையும் சேர்த்து அனுப்பவும், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைச் சிதையாமல் கொண்டுபோகவும் வழி வகுத்தது. கணினிப் பயிற்சி இல்லாத கோடிக்கணக்கானோரால் இன்று மின்னஞ்சலைக் கையாள முடிகிறதென்றால் அதற்குக் காரணம் ஜன்னல்தான். இந்த நன்மையை மறுப்பவரின் வாதத்தில் நியாயம் இல்லை. சிக்கல் ஜன்னலோடு சேர்ந்து வந்த இன்னொன்றில் இருக்கிறது. 1990களின் பின்பாதியில் நெட்ஸ்கேப்பும் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் மடலை எச்டிஎம்எல் வடிவில், அதாவது ஒரு வலைப்பக்கமாகவே அனுப்பவும் காட்டவும் தொடங்கின. ஜன்னல் என்பது ஒன்று, மடலை வலைப்பக்கமாக்குவது வேறொன்று. ஒரே காலத்தில் வந்ததால் இரண்டையும் நாம் ஒன்றென்று நினைத்துக்கொண்டோம்.

மடல் வலைப்பக்கமானதும் அதைத் திறப்பது அனுப்பியவரின் கட்டளைகளை நம் கணினியில் நிறைவேற்றுவதாக மாறியது. 1999 நவம்பரில் வெளிப்பட்ட 'பபிள்பாய்' என்ற நிரல் இதை உலகத்துக்குக் காட்டியது. அதுவரை, 'இணைப்பைத் திறக்காவிட்டால் வைரஸ் வராது' என்பதே எல்லோரும் சொன்ன அறிவுரை. பபிள்பாய்க்கு இணைப்பே தேவைப்படவில்லை. அவுட்லுக்கில் மடலைத் திறந்தாலே போதும். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் முன்னோட்டப் பகுதியில் தெரிந்தாலே போதும், முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அது தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. பெரிய சேதம் செய்யவில்லை என்றாலும் வழியைக் காட்டிவிட்டது. 2018 மே மாதம் ஜெர்மனி, பெல்ஜியம் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ஈஃபெயில்' கண்டுபிடிப்பு இன்னும் ஆழமானது. பூட்டி அனுப்பிய ரகசிய மடலைக் கைப்பற்றிய ஒருவர், அதை ஒரு படத்தின் முகவரிக்குள் பொதிந்து நமக்கே திருப்பி அனுப்புவார். நம் மென்பொருள் பூட்டைத் திறந்து, அந்தப் படத்தைக் கொண்டுவரப் போகும்போது ரகசியத்தையும் முகவரியோடு சேர்த்து அவரிடமே ஒப்படைத்துவிடும். உடனடிப் பாதுகாப்பாக ஆய்வாளர்கள் சொன்ன வழிகளில் ஒன்று, எச்டிஎம்எல் காட்டுவதை நிறுத்திவிடுங்கள் என்பது.

இவை அரிய தாக்குதல்கள். அன்றாடம் நடப்பதைப் பார்க்கலாம். வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு மடல். வரைகலைத் திரையில் வங்கியின் சின்னம், பழகிய நிறம், 'உங்கள் கணக்கைச் சரிபார்க்க இங்கே அழுத்தவும்' என்ற பொத்தான். பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் முகவரி கண்ணில் படாது. வங்கியின் முகவரியையே மேலே எழுதிவிட்டு அடியில் வேறொரு முகவரியைக் கோத்துவிடவும் எச்டிஎம்எல் இடம் கொடுக்கிறது. அதே மடலை எழுத்தாகத் திறந்தால் சின்னமும் நிறமும் மறைந்துவிடும். பொத்தான் இருந்த இடத்தில் நீளமான ஒரு முகவரி நிற்கும். அது வங்கியின் முகவரி இல்லை என்பது படித்தவுடன் தெரியும். எழுத்து வடிவம் மோசடியைத் தடுத்துவிடாது. பொய்யை எழுத்திலும் எழுதலாம். ஆனால் மோசடிக்காரர் நம்பும் பெரிய துணையான அலங்காரத்தை அது பறித்துவிடுகிறது. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படம். விளம்பர மடல்களில் பதிந்திருக்கும் இந்தப் படம், நாம் மடலைத் திறந்தோமா, எப்போது, எத்தனை முறை என்ற தகவலை அனுப்பியவருக்குத் தெரிவிக்கும். தபாலில் வந்த கடிதத்தை நாம் பிரித்ததும் அனுப்பியவர் வீட்டில் மணி அடிக்கும் என்றால் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

'இதெல்லாம் பழைய கதை. இப்போது நிறுவனங்களே பாதுகாக்கின்றன' என்று ஒரு மறுப்பு வரும். ஓரளவு உண்மை. 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில், படங்களைத் தன் சொந்தச் சர்வர் வழியாகக் கொண்டுவந்து காட்டுகிறது. அதனால் நம் இருப்பிடம் அனுப்பியவருக்குத் தெரியாது. ஆப்பிள் மெயில் 2021 முதல், நாம் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவைத்து உளவைக் குழப்பும் வசதியைத் தருகிறது. தண்டர்பேர்ட் வெளியிலிருந்து வரும் படங்களைத் தானாகவே தடுத்து வைக்கிறது. இவை நல்ல காரியங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பாதுகாப்பும், மடலுக்குள் வலைப்பக்கத்தை விட்டதால் வந்த கேட்டைச் சரிசெய்யப் போட்ட ஒட்டு. ஜிமெயிலின் ஏற்பாட்டிலும், மடல் திறக்கப்பட்டது என்ற செய்தி பெரும்பாலும் அனுப்பியவருக்குப் போய்விடுகிறது. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: டெர்மினல் மென்பொருள் என்பதாலேயே ஒன்று பத்திரமானது ஆகிவிடாது. பைனில் பல ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2018இல் மட்டிலும் சில கடுமையான ஓட்டைகள் வெளிப்பட்டு அடைக்கப்பட்டன. பாதுகாப்பு கறுப்புத் திரையிலிருந்து வருவதில்லை. மடலை எழுத்தாக மட்டும் நடத்துவதிலிருந்தும், மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதிலிருந்தும் வருகிறது.

டெர்மினல் உண்மையிலேயே மேலோங்கும் இடம் ஒன்று உண்டு: நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மடல்கள் வந்து விழும் குழு விவாதம். ஆர்என்னும் அதன் வழிவந்த மென்பொருள்களும் யூஸ்நெட்டின் வெள்ளத்தைச் சமாளிக்கவே பிறந்தவை. ஸ்பேஸ் பாரை அழுத்தினால் அடுத்த பக்கம். பக்கம் தீர்ந்தால் படிக்காத அடுத்த மடல். ஆர்என்னில் ஒரு தலைப்பு பிடிக்கவில்லையென்றால் 'கே' விசையைத் தட்டினால் அந்தத் தலைப்பில் உள்ள அத்தனை மடல்களும் ஒதுங்கிவிடும். வம்பு பேசுபவரின் பெயரை 'கில் ஃபைல்' என்ற விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டால் பிறகு அவர் எழுதியது கண்ணிலேயே படாது. எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று படிப்பவர் வகுக்கும் விதிகளே அங்கே செல்லும். எந்த நிறுவனத்தின் கணக்கும் குறுக்கே வராது. இந்த வசதிகளில் பலவற்றை வரைகலை மென்பொருள்களும் பின்னர் எடுத்துக்கொண்டன. தண்டர்பேர்டிலும் மடல்களை இழை இழையாகப் பிரித்துப் பார்க்கலாம், வடிகட்டி போடலாம், இழை முழுவதையும் ஒதுக்கலாம். வேகத்தில் மட்டும் விசைப்பலகைக்கு ஈடு இல்லை.

எழுத்து மடல் இன்றும் உயிரோடு இருப்பதற்குப் பெரிய சான்று லினக்ஸ் கெர்னல். ஆண்ட்ராய்டு போன்களுக்கும் உலகின் பெரும்பாலான சர்வர்களுக்கும் அடித்தளமான இந்த நிரலின் மாற்றங்கள் மின்னஞ்சல் வழியாகவே அனுப்பப்பட்டு, விவாதிக்கப்பட்டு, ஏற்கப்படுகின்றன. எச்டிஎம்எல் மடலைக் கெர்னல் மடற்குழுவின் சர்வர் ஏற்பதில்லை. காரணம் பழமைப் பிடிவாதம் அல்ல. நீக்கப்படும் வரியின் முன்னால் கழித்தல் குறி, சேர்க்கப்படும் வரியின் முன்னால் கூட்டல் குறி என்று ஒவ்வொரு வரியும் இடைவெளி பிசகாமல் வர வேண்டும். ஒரு வரி தானாக மடங்கினாலோ, டேப் இடைவெளியாக மாறினாலோ அந்த மாற்றத்தை நிரலில் பொருத்த முடியாது. கெர்னலின் ஆவணங்களில் எந்த மெயில் மென்பொருளை எப்படி அமைப்பது என்பதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. மட், ஆல்பைனோடு தண்டர்பேர்டுக்கும் அதில் வழி சொல்லப்பட்டிருக்கிறது. பிரவுசரில் திறக்கும் ஜிமெயிலோ, டேப்பை மாற்றிவிடுவதாலும் வரியை மடக்கிவிடுவதாலும், இந்த வேலைக்கு ஆகாது என்கிறது அந்தப் பக்கம். அங்கே ஜன்னல் விலக்கப்படவில்லை. எழுதியதை எழுதியபடி கொண்டுபோகாத மென்பொருள்தான் விலக்கப்பட்டிருக்கிறது.

இனி நமக்கே உரிய கேள்வி: தமிழ். 'வெறும் எழுத்து என்றால் ஆங்கிலம்தானே, தமிழுக்கு அலங்கார மடல் வேண்டாமா' என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. தமிழ் மடலில் போவதற்குத் தேவை மைம், யுனிகோடு இரண்டும்தான், எச்டிஎம்எல் தேவையில்லை. 'க' என்ற ஒரே எழுத்து யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள்; பழைய சர்வர்களையும் கடந்துபோகும்படி மைம் அதை ஒன்பது ஆங்கிலக் குறிகளாக மாற்றி அனுப்பி, வந்து சேர்ந்ததும் மறுபடி 'க' ஆக்கிவிடும். மட்டுக்கும் இது தெரியும், தண்டர்பேர்டுக்கும் தெரியும். ஆனால் வந்த எழுத்தைத் திரையில் வரையும்போதுதான் டெர்மினல் தடுக்கி விழுகிறது. டெர்மினல் திரை சதுரங்கப் பலகைபோல ஒரே அளவுக் கட்டங்களால் ஆனது; கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் அடிப்படை. 'கொ' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு 'க'வுக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் வர வேண்டும். 'ணை', 'மு' போன்றவற்றின் அகலம் ஒரு கட்டத்துக்குள் அடங்காது. அதனால் பெரும்பாலான டெர்மினல்களில் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்து நிற்கும், அல்லது எழுத்தின் மேல் எழுத்து ஏறும். கர்சர் காட்டும் இடம் ஒன்று, எழுத்து நுழையும் இடம் வேறொன்றாக இருக்கும். ஜன்னலே இல்லாத லினக்ஸ் கன்சோலில் நிலைமை இன்னும் மோசம்: அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம், எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் வேலையும் அதற்குத் தெரியாது.

ஆகவே தமிழில் நிறையப் படிப்பவருக்கு டெர்மினலைப் பரிந்துரைக்க முடியாது. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் தமிழுக்குத் தேவையானது எழுத்தைச் சரியாக வரையும் ஜன்னல் மட்டுமே. அதற்குள் வலைப்பக்கம் அல்ல. தமிழ் இணைய வரலாறே இதற்குச் சாட்சி. 1990களில் செய்திக்குழுக்களிலும் மடற்குழுக்களிலும் தமிழர்கள் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதிச் சமாளித்தார்கள். கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவும் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் தமிழைத் தமிழாகவே மடலில் எழுத வழி செய்தன. பாலா பிள்ளையின் தமிழ்.நெட் மடற்குழு பல நாட்டுத் தமிழர்களை ஒரே பேச்சில் இணைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே கூடி, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிய பெரும் பணி. அந்தப் பணிக்கு வண்ணமோ பொத்தானோ தேவைப்படவில்லை. தமிழ் எழுத்து சரியாகத் தெரிந்தால் போதுமாக இருந்தது.

எழுத்து மடலுக்கு எதிராகச் சொல்லப்படும் மற்றக் குறைகளையும் பார்த்துவிடலாம். ரயில் டிக்கெட், மின் கட்டண ரசீது, வங்கி அறிக்கை எல்லாம் எச்டிஎம்எல்லில்தானே வருகின்றன என்று கேட்டால், வருகின்றன. அந்த ஒரு மடலை மட்டும், அனுப்பியவரை உறுதி செய்துகொண்டு, முழு வடிவில் பார்த்துக்கொள்ளலாம். எல்லா மடல்களுக்கும் கதவைத் திறந்துவைக்க வேண்டியதில்லை. எழுத்து மடலின் வரிகள் போன் திரையில் ஒடிந்து ஒடிந்து வரும் என்பது இன்னொரு குறை. மென்பொருள் தானாக வரியை வெட்டி அனுப்புவதால் வரும் கோளாறு அது. திரைக்குத் தக்கபடி வரிகள் மறுபடி ஒழுகுவதற்கு 1999இலேயே தரம் வகுத்துவிட்டார்கள். பார்வையற்றவர்களுக்கோ, அலங்கார அடுக்குகள் இல்லாத மடலே திரைவாசிப்பான் வழியே கேட்க எளிது. டெர்மினலின் கடினமான குறை வேறொன்று: மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதல் தன் நிறுவனக் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை ஏற்பதை நிறுத்தத் தொடங்கியது. புதிய உள்நுழைவு முறைக்கு மட்டையோ ஆல்பைனையோ அமைக்க முடியும் என்றாலும், சாதாரண வாசகருக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் அல்ல.

செய்திக்குழுக்களைப் பொறுத்தவரை நிலைமை மாறிவிட்டது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டில் புதிதாக எழுதவும் புதிய பதிவுகளைப் படிக்கவும் இருந்த வழியை மூடிவிட்டது. பிரவுசர் வழியே பார்த்துப் பழகியவர்களுக்கு யூஸ்நெட்டே மறைந்துவிட்டதுபோல் தோன்றியது. ஆனால் தனி மென்பொருள் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மறையவில்லை; வேறொரு செய்திச் சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து படிக்கிறார்கள். இதில் ஒரு பாடம் இருக்கிறது. திறந்த தரங்களைப் பின்பற்றும் மென்பொருள் நம் கையில் இருந்தால், ஒரு நிறுவனம் கடையைக் கட்டினாலும் நம் வாசிப்பு நிற்காது. மடல்களைச் சேமிப்பதிலும் இதே நியாயம்தான். மட், ஆல்பைன், தண்டர்பேர்ட் மூன்றாலும் மடல்களைப் பல மென்பொருள்களுக்கும் புரியும் எழுத்துக் கோப்புகளாக வைக்க முடியும். இன்று ஒன்று பிடிக்கவில்லை என்றால் நாளை மூட்டையைத் தூக்கிக்கொண்டு இன்னொன்றுக்குப் போய்விடலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. சர்வர்களைத் தொலைவிலிருந்து கவனிப்பவர்கள், நிரல் எழுதுபவர்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான குழு மடல்களைப் புரட்டுபவர்கள் மட், ஆல்பைன், எஸ்எல்ஆர்என் போன்றவற்றைக் கற்றுக்கொண்டால் போட்ட உழைப்புக்கு மேல் பலன் கிடைக்கும். மற்ற எல்லோருக்கும், குறிப்பாகத் தமிழில் எழுதிப் படிப்பவர்களுக்கு, தண்டர்பேர்ட் போன்ற வரைகலை மென்பொருளே ஏற்றது. அது செய்திக்குழுக்களையும் படிக்கும். ஆனால் அதை வந்தபடியே வைத்துக்கொள்ளாதீர்கள். 'வியூ' மெனுவில் 'மெசேஜ் பாடி ஆஸ்' என்பதைத் திறந்து 'பிளெயின் டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். கணக்கு அமைப்பில் எச்டிஎம்எல் வடிவில் எழுதும் தேர்வை எடுத்துவிடுங்கள். ஜிமெயிலே பழக்கம் என்றால், அமைப்புகளில் வெளிப் படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி வைத்துவிட்டு, எழுதும்போது 'பிளெயின் டெக்ஸ்ட் மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை. அதன்பின் உங்கள் இன்பாக்ஸில் யார் எதை அனுப்பினாலும், அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும்.